மாமாவின் மஞ்சள் கோபுரம்

இரண்டாம் வகுப்பில் எங்கள் டீச்சர் தீபாவளி லீவுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒரு சார்ட்டின் அடியில் மூன்று முகங்கள்: சிரிப்பது, அழுவது, முறைப்பது. வீட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஐந்து நாளும் சாயங்காலம் அவர் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். சிரிப்புக்கு மஞ்சள், அழுகைக்கு நீலம், கோபத்துக்குச் சிவப்பு. தீப்பெட்டி அளவில் பனியன் துணியை வெட்டி, தேதி எழுதி, அந்தந்த முகத்துக்கு மேல் அடுக்கி ஒட்ட வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட் இல்லாத வீடு ஏது? நல்ல சார்ட் வகுப்புக் கதவில் தொங்கும் என்றார். மஞ்சள் கோபுரம் உயரமாக இருந்தால்தான் நல்ல சார்ட் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அதனால் ஆளைத் தேர்ந்தெடுப்பதிலேயே சாமர்த்தியம் காட்டினேன். அப்பா அயர்ன் மாஸ்டர். வேலை முடிந்து வந்தால் சிவப்பு நிச்சயம். அம்மாவை நம்ப முடியாது. எங்களோடு தங்கி கட்டிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பவர். அந்த வருடம் தீபாவளிக்கு எங்கள் சொந்த ஊரான தேனிக்குப் போக பஸ்ஸில் இடம் பார்க்கப் போனவரும் அவர்தான். இடமே இல்லை என்பதைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னார்.

மாமாவின் கம்பெனியில் அப்போது ஓடியது நீல ஆர்டர். வீட்டில் மூட்டை மூட்டையாக நீலம் கிடந்தது. மஞ்சளுக்குப் பக்கத்து வீட்டு அக்காவிடம் போக வேண்டும். அண்ணன் குடும்பத்தோடு இருந்த அவர், மஞ்சள் ஆர்டர் ஓடிய வேறொரு கம்பெனியில் ஓவர்லாக் டைலர். ஒரு துண்டுத் துணி வாங்க எனக்குத் துணை எதற்கு? ஆனாலும் மாமா கூடவே வந்தார்.

"இன்னைக்கும் மஞ்சளுங்களா?" என்று அக்கா கேட்டார்.

"மஞ்சள்தாங்க" என்றார் மாமா. எங்களிடம் ஒரு நாளும் அவர் 'ங்க' போட்டதில்லை.

இரண்டு நாள் கோபுரம் ஒழுங்காக வளர்ந்தது. தீபாவளிக்கு முதல் நாள் அக்கா, அண்ணன் குடும்பத்தோடு அவிநாசிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் மாமா நீலம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மஞ்சள் துணி கைவசம் இல்லாததால்தான் சொல்கிறார் என்று, ஒரு வெள்ளைத் துண்டில் அம்மாவின் மஞ்சள்தூளைக் குழைத்துத் தேய்த்துக்கொண்டு போய் நீட்டினேன்.

"வேணாம் பாப்பா, பொய்க்கணக்கு எழுதக் கூடாது. நீலமே ஒட்டு."

மறுநாள் தீபாவளி. புதுச் சட்டை, ஆட்டுக்கறி, ஒரு பெட்டி வெடி. மாமா மறுபடியும் நீலம் என்றார். தீபாவளியன்று யாராவது அழுமூஞ்சிக்கு மேல் துணி ஒட்டுவார்களா? கதவில் தொங்கப் போவது என் சார்ட் இல்லை என்று அழுதேன். மாமா சமாதானம் செய்தாரே தவிர நிறத்தை மாற்றவில்லை.

ஐந்தாம் நாள் அக்கா முறுக்குத் தூக்கோடு வந்து இறங்கினார். மாமா மூச்சுவாங்க ஓடி வந்தார். "இன்னைக்கு ரெண்டு மஞ்சள் ஒட்டு பாப்பா."

நாளுக்கு ஒன்றுதான் என்பது டீச்சரின் சட்டம். பனியன் துணி ஆயிற்றே என்று, அந்த ஒரே துண்டை இரண்டு மடங்காக இழுத்துப் பிடித்துக் கோந்து காயும்வரை கையை எடுக்காமல் ஒட்டினேன்.

டீச்சர் மேசையில் சார்ட்டை விரித்ததும் கோந்து விட்டுவிட்டது. துணி சுருண்டு பழைய அளவுக்கே வந்தது. ஏன் இழுத்து ஒட்டினாய் என்று கேட்டார். மாமா இரண்டு கேட்டதையும், தீபாவளிக்கு மஞ்சள் துணி தரும் அக்கா ஊரில் இல்லாததையும், மஞ்சள்தூள் பூசியதையும் அழுகையோடு ஒப்பித்தேன். டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சார்ட்டைக் கொண்டுபோய்க் கதவில் மாட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, பெருமை மட்டும் தாங்க முடியவில்லை.

என்னை அழைத்துப்போக வந்த அம்மா அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். நீலத் துண்டுகளில் எழுதியிருந்த தேதிகளை விரலால் தொட்டு, அந்த இரண்டு நாளும் பக்கத்து வீட்டு அக்கா எங்கே போயிருந்தாள் என்று கேட்டார். ஊருக்கு என்றேன்.

சாயங்காலம் மாமாவுக்குச் சோறு போட்டபடி அம்மா சொன்னார்: "ஏன்டா, அடுத்த தீபாவளிக்கு அந்தப் பொண்ணு நம்ம வீட்லயே இருக்கட்டும். அவங்க அண்ணன்கிட்ட நான் பேசவா?"

மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. நான்தான் சந்தோஷத்தில் குதித்தேன். இனி மஞ்சள் துணிக்கு நம் வீட்டில் பஞ்சமே வராது என்று.