அக்காங் போட்ட ராஜா

"இன்னா சொல்றான்? டேய், இன்னா சொல்றான்டா?"

சினிமா கொட்டாய் இருட்டுல என் தொடையில பொளேர்னு ஒரு அடி வுழும். அதான் எங்க மாமா, என் அக்காவக் கட்டுனவரு. தெரையில கதாநாயகி கண்ணுல தண்ணி வுட்டுகினு என்னமோ சொல்லும். மாமாவுக்கு ரெண்டு காதும் அவுட்டு. படத்து வெளிச்சம் என் வாயில வுழுற மாதிரி நான் அவரு பக்கம் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையா வாய நல்லா தொறந்து காட்டணும். அவரு என் ஒதட்டப் பாத்து புரிஞ்சிக்குவாரு. நமக்குத்தான் வாயி சொம்மா இருக்காதே. "கொழம்புல உப்பு கம்மின்னு அழுவுது மாமா"ன்னு எடுத்து வுடுவேன். மாமா தெரையப் பாப்பாரு, என்னப் பாப்பாரு. "கொழம்புக்கு எவனாச்சும் துப்பாக்கி தூக்குவானாடா, சோமாரி"ன்னு மண்டையில ஒண்ணு வெப்பாரு. முன்னாடி சீட்டுக்காரன் திரும்பி மொறைப்பான். ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்காது.

மாமாவுக்கு ஹார்பர்ல துரு தட்டுற வேல. கப்பலோட அடித்தொட்டிக்குள்ள எறங்கி, குனிஞ்ச முதுவு நிமிராம, சுத்தியால இரும்பத் தட்டித் தட்டி துருவ உதுக்கணும். ஒரு தொட்டிக்குள்ள பத்து பேரு தட்டுனா வெளிய நிக்கிறவனுக்கே மண்ட கிறுகிறுக்கும். வருசக்கணக்கா உள்ள குந்திகினு இருந்தவருக்கு மொதல்ல வலது காது லீவு போட்டுச்சு. அப்பால எடது காதும் அதே பஸ்ஸப் புடிச்சிப் போயிட்ச்சி. ஆனா காது கேட்ட காலத்துல எங்க பேட்டைக்கே அவருதான் வசன சிங்கம். படிப்பு வாசன கெடையாது. எந்த ராஜா படம் வந்தாலும் ரெண்டு தபா பாத்தா போதும், அம்மாம் பெரிய வசனத்தையும் மூச்சு வுடாம பேசுவாரு. நாங்க மாதா கோயிலுக்குப் போறவங்கதான், ஆனா ஆயுத பூசைன்னா பேட்டையில எல்லாருக்கும் பொரி கடலதான். அன்னிக்கி சாயங்காலம் துரு தட்டுறவங்க ஷெட்டுல பீப்பாய நிறுத்தி, மேல இரும்புத் தகடப் போட்டு மேடை கட்டுவாங்க. மாமா ஜிகினாக் கிரீடம் வெச்சிகினு மைக்க புடிச்சாருன்னா, தொட்டிக்குள்ள வருசம் பூரா குனிஞ்சிகினு இருந்த ஆளா இதுன்னு இருக்கும்.

காது மொத்தமா போன வருசம், அவங்கள வேல வாங்குற மேஸ்திரி ஒரு வார்த்த சொல்லிட்டான். "செவுட்டுப் பயலுக்கு இன்னாத்துக்குய்யா மைக்கு? இந்த தபா வசன ரிக்கார்டு போட்டுக்கலாம்." எல்லாம் தலைய ஆட்டிட்டானுங்க. நான் வூட்டுக்கு வந்து மாமா கிட்ட அத்த அப்டியே சொன்னேன், உப்பு காரம் ஒண்ணும் சேக்கல. மாமா ஜிகினாக் கிரீடத்த எடுத்துத் தூசி தட்டுனாரு. அப்பால, "புது ராஜா படம் ஒண்ணு வந்துகீதே, அதுல தோத்துப்போன ராஜா சபையில நின்னு பேசுறானே, அத்தப் பேசுறேன். நீ சொல்லிக் குடு. ஒரு வார்த்த வுடக்கூடாது"ன்னாரு. அக்கா பயந்துபோயி, "வேணாம்யா, சிரிப்பாங்க"ன்னுச்சு. "சிரிக்கட்டும். இன்னிக்கி மைக்க வுட்டேன்னு வெச்சிக்கோ, நாளைக்கி டீக்கட பெஞ்ச வுடுவேன். அப்பால இந்த வூட்டுலயே மூலையில ஒரு மூட்டையாட்டம் குந்திகினு இருப்பேன். வுட மாட்டேன்டி." அக்கா முந்தானையால மொகத்தத் தொடச்சிகினு, "போய்ச் சொல்லிக் குட்றா"ன்னு என்ன வெளிய தள்ளுச்சு.

நான் படத்துக்குப் போவேன், அந்த வசனத்தக் காதுல வாங்கிகினு வருவேன். மாதா கோயிலுக்குப் பின்னால கடலோரம் கருங்கல்லு மேல ரெண்டு பேரும் எதுக்கெதுக்கே குந்திக்குவோம். அல சத்தத்துல நான் பேசுறது எனக்கே கேக்காது. மாமாவுக்கு அந்தப் பேஜாரே இல்ல. கண்ண என் வாயில நட்டு வெச்சி, ஒரு வார்த்தைக்கு நூறு வாட்டி சொல்லச் சொல்லுவாரு. தாடை கழண்டுரும்போல இருக்கும். "மாமா, ராஜா நாஸ்டா துன்ன போயிருக்காரு"ன்னு நழுவப் பாப்பேன். "ராஜா தோத்துட்டான்டா, அவனுக்கு ஏது நாஸ்டா, குந்து"ன்னு இழுத்துப் போடுவாரு. வலைய ஒலத்த வந்த பொம்பளைங்க, சத்தமே வராம வாயத் தொறந்து தொறந்து மூட்ற என்னப் பாத்து, புள்ளைக்கு என்னமோ ஆயிட்ச்சின்னு சிலுவ போட்டுக்குங்க.

இதுல எங்க ரெண்டு பேருக்குமே தெரியாத ஒரு சங்கதி கீது. நான் சுத்தமான தமிழு பேசுறதாத்தான் எனக்கு நெனப்பு. ஏழாங்கிளாஸோட பள்ளிக்கூடத்த நான் வுட்டேனா அது என்ன வுட்டுச்சான்னு இன்னும் வூட்ல தகராறு. காதுல வாங்குனது செந்தமிழு, வாயில வந்தது காசிமேடு, அடிச்சிச் சொல்ற எடத்துல ஒரு 'அக்காங்' வேற. மாமாவுக்கோ என் வாயி ஒண்ணுதான் புஸ்தகம்.

ஆயுத பூசை அன்னிக்கி ரிக்கார்டு ரெடியா சொழண்டுகினு கீது. மாமா கிரீடத்தோட வந்து நேரா மேடையில ஏறிட்டாரு. மைக்க புடிச்சிட்டாரு. எவனுக்கும் எறக்க தைரியம் இல்ல. படத்துல அந்த ராஜா சொல்றது: "என் மண்ணைப் பறித்தாய், மகுடத்தைப் பறித்தாய். என் முதுகை மட்டும் உன்னால் வளைக்க முடியாது!" மாமா நெஞ்ச நிமித்தி, அதே கம்பீரமான கொரல்ல ஆரம்பிச்சாரு: "என் மண்ணப் புடுங்கிகினே, கிரீடத்தப் புடுங்கிகினே..."

ஷெட்டே வெடிச்சிது. மேஸ்திரி வவுத்தப் புடிச்சிகினு குந்திட்டான். சினிமாவுல நம்ப பேச்சு வந்தா அது காமெடிக்காரனுக்குத்தான். ராஜா எவனும் 'புடுங்கிகினே'ன்னு சொன்னதே இல்ல. மாமாவுக்குச் சத்தம் கேக்கல, ஆனா பல்லு தெரியுதே. எல்லாரு வாயும் தொறந்து தோளு குலுங்குது. நிறுத்திட்டாரு. கூட்டத்துல தேடி என் மொகத்தப் பாத்தாரு. பேட்டையில எவன் தடுக்கி வுழுந்தாலும் மொதல்ல சிரிக்கிறவன் நானு. அன்னிக்கி எனக்கு சிரிப்பு வரல. அடுத்த வார்த்தைய வாய நல்லா தொறந்து சொன்னேன். மாமா ஒரு மூச்சு இழுத்தாரு. கண்ணு நேரா மேஸ்திரி மேல.

"என் முதுவ மட்டும் ஒன்னால வளைக்க முடியாது நைனா! அக்காங்!"

சிரிப்பு நின்னுபோச்சு. தொட்டிக்குள்ள காலையிலேர்ந்து பொழுதுசாயிற வரைக்கும் முதுவ வளைக்கிறவனுங்கதான் அங்க நின்னுகினு இருந்ததெல்லாம். பின்னாலேர்ந்து ஒருத்தன், "அப்டிப் போடு மாமு!"ன்னு கத்துனான். கை தட்டுனா மாமாவுக்குக் கேக்காதேன்னு எவனுக்குத் தோணுச்சோ, பொட்டு வெச்சி பூசையில கெடந்த சுத்திய எடுத்து மேடைத் தகட்டுல ஒரே போடு. "டேய், பூசையில வெச்சத நாளைக்கி வரைக்கும் தொடக்கூடாதுடா!"ன்னு மேஸ்திரி அலறுறான். அதுக்குள்ள எல்லாரும் ஆளுக்கு ஒரு சுத்திய எடுத்துட்டானுங்க. மாமா காலுக்குக் கீழ தகடு அதுருது. அவரு குனிஞ்சி காலப் பாத்தாரு, நிமிந்தாரு, மிச்ச வசனத்த ஒரு வார்த்த வுடாம முடிச்சாரு.

வூட்டுக்கு வர்ற வழியில, "மொதல்ல இன்னாத்துக்குடா சிரிச்சானுங்க?"ன்னாரு. சொன்னேன், ராஜா நம்ப பேச்சு பேசிட்டாருன்னு. கண்டிப்பா ஒத வுழும்னு ஒரு அடி தள்ளிதான் நின்னுகினு சொன்னேன். மாமா ரோசன பண்ணாரு. "அப்போ அடுத்த வருசம் மந்திரியும் இப்டித்தான் பேசணும். நீதான் மந்திரி."

அதுலேர்ந்து வருசா வருசம் நான் மந்திரி. இப்ப எனக்கும் ஹார்பர்ல வேல, வூட்ல புள்ள. தெருவுக்குத் தெரு கொழாய் ஸ்பீக்கர் கட்டி, ரிக்கார்டுல ராஜாக்கள் செந்தமிழ்ல கர்ஜிக்கிறாங்க, கேக்க ஷோக்காத்தான் கீது. எங்க ஷெட்டுல மட்டும் போட வுட மாட்டோம். இந்த வருச பூசைக்கி நேத்து கருங்கல்லு மேல குந்தி வசனம் பேசிகினு இருந்தோம். நடுவுல மாமா கைய நீட்டி நிறுத்துனாரு.

"'முடியாது'ன்னு சொல்றப்போ ஒன் வாயி சரியா தொறக்கல. பயந்தவன் சொல்ற மாதிரி கீது. திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன்.