ஆறு மணிக்கு நின்ற தறிகள்

பள்ளிபாளையத்தில் நாங்கள் குடியிருந்த சந்தில் ஐந்து தறிப்பட்டறைகள். எங்களுடையதில் நான்கு விசைத்தறிகள், வீட்டை ஒட்டியே ஓடும். அந்தச் சத்தத்தில்தான் சமைத்தோம், தூங்கினோம், சண்டை போட்டோம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கோ தறி நின்றால்தான் என்னவோ ஏதோ என்று இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். சேலத்தில் ஒரு விடுதிப் பள்ளி. தேர்வு வைத்து ஆறாம் வகுப்புக்குக் கொஞ்சம் பிள்ளைகளை மட்டும் எடுப்பார்கள். அவளுடைய வாத்தியார் விண்ணப்பத்தோடு பழைய வினாத்தாள்களையும் கொண்டுவந்து கொடுத்து, "எழுதட்டுமுங்க, நல்லா வரும் புள்ள" என்றார். என் வீட்டுக்காரர், "கெடச்சா அனுப்பலாம். கெடைக்கலீன்னா பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். சந்தில் பெண்பிள்ளைகள் எட்டாவதோடு நின்று, தறிக்கு நூல் சுற்ற உட்கார்ந்துவிடுவார்கள். நானும் அப்படி உட்கார்ந்தவள்தான். இவளும் உட்காரக் கூடாது என்பதில் எனக்கு ஒரு வெறியே இருந்தது.

எட்டாவது படித்த நான் வாத்தியாரம்மா ஆனேன். பகலில் தறி வேலைக்கிடையே அந்தக் கணக்குகளை முதலில் நானே போட்டுப் பழகுவேன். ஒரே கணக்குக்கு மூன்று விடை வந்த நாளெல்லாம் உண்டு. சாயங்காலம் அவளை உட்கார வைத்து, அரை மணிக்குள் இருபத்தைந்து கணக்குப் போடச் சொல்வேன். பதினெட்டு, பத்தொன்பது சரியாக வரும். அதற்கு மேல் ஏறவே இல்லை. தறிச் சத்தத்தில் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்து எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். சத்தம்தான் பிள்ளையின் கவனத்தைக் கெடுக்கிறது என்று நானே முடிவு கட்டினேன்.

எங்கள் தறியை நிறுத்துவது எங்கள் கையில் இருந்தது. மற்ற நான்கு பட்டறைகளிலும் போய்க் கேட்டேன். தறி நின்றால் கூலியும் நிற்கும். என்ன சொல்வார்களோ என்று பயந்துகொண்டேதான் போனேன். எதிர்ப்பட்டறைக்காரர் சந்திலேயே மூத்தவர், சிடுமூஞ்சி. அவரிடம் கடைசியாகப் போனேன். "ஏனுங்கண்ணா, தெனமும் ஆறு மணிக்கு ஒரு அரை மணி நேரம் மட்டும்..." என்று இழுத்தேன்.

"நம்ம சந்துல ஒரு புள்ள பரிச்சை எழுதுது, நிறுத்தாம இருப்பமா? போ அம்மிணி, போயிச் சொல்லிக்குடு" என்றார்.

மறுநாள் ஆறு மணிக்கு ஐந்து பட்டறையும் நின்றன. சந்தில் காக்கை கத்துவதே அன்றைக்குத்தான் கேட்டது. தறிக்காரர்கள் வாசலில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். யாரோ இருமியதற்கு இன்னொருவர் அதட்டினார். இப்படிப்பட்ட மனிதர்களோடு இத்தனை வருடம் குழாயடியில் சண்டை போட்டிருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு மகள் போட்டதில் பன்னிரண்டுதான் சரி. மறுநாள் பதினொன்று. ஒரு வாரம் இப்படியே போனது. "எல்லாரும் உனக்காகத் தறிய நிறுத்திட்டு உக்காந்திருக்கறாங்க, நீ பராக்குப் பாத்துட்டு இருக்கறயா?" என்று முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போனாள்.

எட்டாம் நாள் எதிர்ப்பட்டறைக்காரர் அவசரமாகச் சரக்கு அனுப்ப வேண்டியிருந்தது. "இன்னைக்கு ஒரு நாளைக்கு ஓட்டிக்கறேன் அம்மிணி, லாரி வந்து நிக்குது" என்று அவரே வந்து சொல்லிவிட்டுப் போனார். தலையை ஆட்டிவிட்டேன், மனதுக்குள் அவரைத் திட்டாத திட்டில்லை. தேர்வுக்குப் பத்து நாள்கூட இல்லை. அவருடைய தறிகள் தடதடவென்று ஓட, மகள் நோட்டில் குனிந்தாள். இருபது நிமிடத்தில் முடித்து நீட்டினாள். இருபத்திரண்டு சரி.

"என்ன சாமி இது?" என்றேன்.

"தறி ஓடுனாத்தானுங்கம்மா எனக்குக் கணக்கு வருது. சத்தமில்லீன்னா என்னமோ பயமா இருக்குது."

"இத மொத நாளே சொல்றதுக்கென்ன?"

"எனக்காகத்தான எல்லாரும் நிறுத்துனாங்க. வேண்டாம்னு எப்படிங்கம்மா சொல்றது?"

பத்து வயது அவளுக்கு. என்னிடம் அடி வாங்கிக்கொண்டு, அத்தனை பட்டறைக்காரர்களின் மனமும் கோணாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அந்தப் பொறுமை இந்த வயதிலும் வரவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் அடுத்த பயம் பிடித்தது. தேர்வு நடக்கும் கூடத்தில் தறியா ஓடப் போகிறது?

வழியையும் அவளே கண்டுபிடித்தாள். மறுநாள் ஆறு மணி அமைதியில், வலது காலைத் தறி ஓடும் வேகத்திலேயே ஆட்டிக்கொண்டு எழுதினாள். முதல் நாள் பதினைந்து, அப்புறம் பதினெட்டு, கடைசி நாள் இருபத்து மூன்று. இப்படிப் பழகுவதற்கு அந்த அமைதி வேண்டியிருந்தது. சந்தில் யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. அவர்களும் ஒரு நாள் தவறாமல் நிறுத்தினார்கள்.

தேர்வன்று கூடத்து ஜன்னலுக்கு நேராக இடம் பிடித்து வெளியே நின்றேன். மேற்பார்வை பார்த்த ஆசிரியை நடந்துவந்து மகளின் பக்கத்தில் நின்றார். ஆடும் காலைக் குனிந்து பார்த்தார். நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிசைக்குப் போனார். அந்த அம்மாள் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நினைத்தால் கை தானாகக் கும்பிடும்.

ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் தபால்காரர் கடிதம் கொண்டுவந்தார். இடம் கிடைத்திருந்தது. எதிர்ப்பட்டறை வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினேன். தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கடிதத்தை ஆட்டிக் காட்டினேன். புரிந்ததும் தறிகளை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். அடுத்த பட்டறை, அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றாக நின்றது. இந்த முறை யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லாரும் சந்தில் கூடி மகளையே பார்த்தார்கள். அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, அந்த மூத்தவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"தறிய ஓட்டுங்க மாமா. அங்க போயிட்டா எனக்கு இந்தச் சத்தம் கேக்காதுங்க."

அவர் உள்ளே போய், எல்லாத் தறிகளையும் ஓட விட்டார்.