கலிப்பர்களில் நான் ஒட்டிய சீட்டுகள்

சரிபார்த்தவற்றை மட்டுமே இங்கு எழுதுகிறேன். கண்ணால் கண்டதும் கையால் தொட்டதும் நேரிற் கேட்டதும் தவிர வேறெதுவும் இதில் இடம்பெறாது. போதிய சான்றின்றி ஒரு மனிதரைச் சந்தேகித்தவன் நான். அந்தப் பிழையை எழுத்திலும் செய்ய விரும்பவில்லை.

எங்களிடம் இருவர் மட்டும் அமரக்கூடிய பழைய யப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக். எங்கள் ஊர்த் துறைமுகத்தின் உப்புக் காற்றில் டிரம்மின் உட்பாகங்கள் துருவேறி இறுகிவிடும். என் மனைவி கிண்ணியாவிற் படிப்பிக்கிறார். அந்தக் காரிலேயே நாள்தோறும் போய்வருவார். மாரி தொடங்கிய வாரத்தில் ஒருநாள் வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையைக் கதிரையில் வைத்தார்.

"உவர்மலை இறக்கத்தில ரெண்டாந்தரம் மிதிச்சாப்பிறகுதான் நிண்டது. முன்னால ஒரு மான். அதுக்குப் புத்தி இருந்தபடியால் விலகீட்டுது."

"நாளைக்கே பாக்கிறன்."

"பாக்க வேண்டாம், மாத்துங்கோ. அதுவரைக்கும் நான் பஸ்ஸில போறன்."

பின்சக்கரங்களுக்கும் டிஸ்க் பொருத்தத் தீர்மானித்தேன். பாவித்த தொகுதியொன்று கொழும்பிலிருந்து வந்தது: இரண்டு டிஸ்க்குகள், அவற்றைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு கலிப்பர்கள், கைப்பிரேக்குக்கான கம்பிவடம். கலிப்பர்கள் நல்ல நிலையில் இருந்தன. அதுவே என்னை அமைதியிழக்கச் செய்தது. நல்ல சாமான் கராஜுக்குள் போனால் அதே சாமானாக வெளியே வராதென்று நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை. ஆயினும் வட்டம் வரையும் கவராயத்தின் முனையால் ஒவ்வொரு கலிப்பரின் உட்புறத்திலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத கீறலொன்று இட்டேன். பெட்டியோடு வந்த படத்தைப் பார்த்து 'இடம்', 'வலம்' என்று சீட்டெழுதி ஒட்டினேன். சீட்டு மாறிவிடலாகாதென்று கையொப்பமும் இட்டேன்.

கராஜ் கப்பல்துறை என்னும் இடத்தில், கண்டி வீதியோரத்தில் இருக்கிறது. அதை நடத்தும், எல்லோரும் நானா என்றழைக்கும் கிண்ணியாக்காரரே இக்காரைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருபவர். சீட்டுகளை நெடுநேரம் பார்த்தார்.

"சேர், ஒரு முத்திரையும் ஒட்டியிருந்தா தபால்லயே அனுப்பியிருக்கலாம்."

நான் சிரிக்கவில்லை. கதிரையொன்றை இழுத்துப் போட்டு அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் பிரேக் ஒயில் போதாதென்று என்னைக் கடைக்கு அனுப்பினார். ஏன் என்னை அனுப்புகிறார் என்று எண்ணியவாறே போய், விரைந்து திரும்பினேன். அதற்குள் இரண்டு கலிப்பர்களும் காரிற் பூட்டப்பட்டிருந்தன.

குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். நான் சாரதி ஆசனத்தில் இருந்தேன். நானா சக்கரத்தருகே குந்தினார்.

"மிதிங்க. பிடிங்க. இப்ப விடுங்க."

பலமுறை மிதித்தும் பிரேக் மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தது. நானா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தொழுதிட்டு வாறன் சேர். காரில கை வைக்காதீங்க."

அவர் கண்ணுக்கு மறைந்ததும் மின்சூள் விளக்குடன் காரின் அடியில் நுழைந்தேன். கடைக்குப் போன இடைவெளியிற் கலிப்பர்கள் மாற்றப்பட்டுவிட்டன என்றே உறுதியாக நினைத்தேன். முதற் கீறல் இருந்தது. இரண்டாவதும் இருந்தது. எனக்கு ஆறுதலன்று, ஏமாற்றமே உண்டாயிற்று என்பதையும் எழுதவேண்டும். பின்னர், தலைமாட்டில் இரண்டு செருப்புகள் தெரிந்தன.

"கீறல் அப்பிடியே இரிக்கா சேர்?"

நான் வெளியே வந்தேன். முழங்கையில் கிறீஸ் அப்பியிருந்தது.

"காத்து மேலதான் நிக்கும். அத வெளிய விடுற திருகு ரெண்டிலயும் கீழ இரிக்கி. பிறகு எப்பிடிப் போகும்? கலிப்பர் பக்கம் மாறிப் போச்சு."

"தெரிஞ்சும் ஏன் பூட்டினீங்கள்?"

சட்டைப்பையிலிருந்து என் சீட்டுகள் இரண்டையும் எடுத்து நீட்டினார்.

"ஒங்கட எழுத்து, ஒங்கட கையெழுத்து. கீறலையும் கண்டனான். நான் மாத்திப் பூட்டியிருந்தா என்னத்த நினைச்சிருப்பீங்க? தொழுதிட்டு வந்து சொல்லுவம் எண்டுதான் இருந்தன்."

படம் வண்டியை முன்னிருந்து காட்டுவது. நான் பின்னிருந்து காட்டுவதாகக் கொண்டு இடத்தையும் வலத்தையும் மாற்றி எழுதியிருந்தேன். பிழை என்னுடையது. நானா கலிப்பர்களை இடம் மாற்றிப் பூட்டினார். ஐந்தாறு மிதியில் காற்று வெளியேறியது. மிதி கல்லாய் நின்றது.

மறுநாள் காலை மனைவி ஆளில்லாத வீதியில் ஓட்டிப் பார்த்தார். கார் முதல் மிதியிலேயே நின்றது. அவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு, பக்கத்திலிருந்த என்னை நடந்தவற்றை முழுமையாகச் சொல்லச் செய்தார்.

"நீங்கள் கீழ பூந்து பாக்காட்டில், அவர் சொல்லியிருப்பாரோ? ஓட்டுறது நான்தானே."

பஞ்சுபோன்ற மிதியோடு காரை நானா வெளியே விட்டிருக்கமாட்டார் என்று பதில் சொன்னேன். அது என் ஊகம். தொழுதுவிட்டு வந்து சொல்லவிருந்தார் என்பதற்கு அவருடைய சொல்லைத் தவிர வேறு சான்றில்லை. அவர் சொல்ல வாய்திறக்குமுன் நான் காரின் அடியிற் கிடந்தேன். மனைவி அன்று காரிலேயே கிண்ணியாவுக்குப் போனார். அவருடைய கேள்விக்கான விடை எனக்குத் தெரியாது.