அக்கா பாய் பிடித்த நாள்

உப்புத் தண்ணீரில் நனைந்து வெயிலில் காய்ந்த பாய்ச்சீலைக்கு ஒரு மணம் உண்டு. பாதி கருவாடு, பாதி மடித்து வைத்த பழைய போர்வை. அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குக் கண் தானாகச் சொருகும், காலடியில் தரை மெல்ல ஆடும், கடல்நீர் ஏறி நிற்கும் புத்தளம் களப்பின் நடுவில் ஒன்பது வயதுக்காரியாக, "அணியம்" என்று நாங்கள் சொல்லும் வள்ளத்தின் முன்பக்கத்தில் குப்புறப் படுத்து, கையைத் தண்ணீரில் அளையவிட்டபடி போய்க்கொண்டிருப்பேன்.

சண்டைக் காலத்தில் மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்து, புத்தளத்துக்கு எதிர்க்கரையான எத்தாளையில் ஒதுங்கிய மீன்பிடிக் குடும்பம் எங்களுடையது. சண்டை முடிந்த சில வருடங்களில் ஊர் வள்ளங்களுக்கெல்லாம் "இஞ்சின்" வந்துவிட்டது, எங்களுடையதற்கும் வந்தது. ஆனால் அக்கா கன்னியர் மடத்தில் சேரப் புறப்பட்ட அன்று காலையில் அப்பா, "இஞ்சின் பழுது, பாயில போவம்" என்றார். முதல்நாள் பின்னேரம் அது நன்றாக உறுமியதை நான் கேட்டிருந்தேன், பாயில் போகும் ஆசையில் வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸில் அனுப்பலாமே என்ற அம்மாவின் பேச்சை அவர் காதிலேயே வாங்கவில்லை.

புத்தளத்து இறங்குதுறையில் இரண்டு மணிக்குச் சிஸ்டர்மார் வாகனத்தோடு நிற்பார்கள் என்று ஏற்பாடு. அதைத் தவறவிட்டால் அந்த வருடம் சேர முடியாது. மடத்துக்குப் போவது அக்காவின் சொந்த விருப்பம். அப்பாவோ கோயிலில் பங்குச் சுவாமியார் சம்மதம் கேட்டபோது மறுக்க வாயில்லாமல் தலையாட்டிவிட்டு வந்தவர். "அவ்வளவு சண்டைக்குள்ள ஒருத்தரையும் விடாமக் கொண்டந்தனான், இப்ப என்ர கையாலயே ஒண்டைக் குடுக்கிறன்" என்று அம்மாவிடம் அவர் சொன்னது தட்டிக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எங்கள் இருவருக்கும் கேட்டது. கடவுளிடம் இல்லை என்று சொல்லப் பயம், மகளிடம் போகாதே என்று கெஞ்ச ரோசம். கடைசியில் பழியைக் காற்றின் தலையில் போட்டுவிடலாம் என்று நினைத்தார் போலும்.

எனக்கென்ன, அது என் வாழ்நாளிலேயே நீளமான, இனிமையான காலையாக இருந்தது. இஞ்சின் சத்தமில்லாத களப்பில் தண்ணீர் வள்ளத்தோடு குசுகுசுத்துக்கொண்டே வந்தது; அடியில் பாசிப்புல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து எங்களோடு வருவதுபோல இருந்தது; வெள்ளைச் சட்டை போட்டு, தகரப் பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டிருந்த அக்கா என் தலையைப் பின்னுவதும், காற்று அதை அவிழ்ப்பதும், அவள் சிரித்துக்கொண்டு மறுபடி பின்னுவதுமாகவே நேரம் கரைந்தது. "அந்தத் தீவைக் காட்டுறன்", "இந்தப் பக்கம் நாரை நிக்கும்" என்று அப்பா வடக்கே ஒருமுறை, கிழக்கே ஒருமுறை வள்ளத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். யாருக்கும் எங்கும் போகவேண்டியதில்லை என்பதுபோல நாங்கள் மூன்று பேரும் மிதந்தோம்.

மத்தியானம் ஒரு சின்னத் தீவின் கண்டல் மர நிழலில் வள்ளத்தை ஒதுக்கிக் கட்டுச்சோறு சாப்பிட்டோம். சாப்பிட்ட கையோடு அப்பா பலகையில் சரிந்து கண்ணை மூடிக்கொண்டு, "எதிர்க்காத்து. கொஞ்சம் பொறுத்துப் போவம்" என்றார். மர மறைவில் காற்று எங்கள்மேல் படவே இல்லை.  அக்கா நுரைச்சோலைப் பக்கம், அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைக்கூண்டைக் காட்டினாள்.

"புகையைப் பாருங்கோ அப்பா. எங்கட பக்கமாத்தான் சாயுது. நல்ல சோளகக் காத்து, புத்தளத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும்."

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. "போகத்தான் வேணுமெண்டா நீயே பிடிச்சுக்கொண்டு போ" என்றார்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் சுக்கான் தொடுவதில்லை. அக்கா எழுந்தாள், கட்டை அவிழ்த்தாள், ஒரு கையில் சுக்கானும் மறுகையில் பாய்க்கயிறுமாக உட்கார்ந்தாள். நிழலைவிட்டு வெளியே வந்ததும் காற்று பிடித்தது. சிறிது தூரம்தான், பிறகு பாய் தளர்ந்து படபடவென்று அடிக்கத் தொடங்கியது, வள்ளம் தள்ளாடியது. அப்பா ஒருக்களித்துப் படுத்தார், மறுபக்கம் திரும்பினார், பல்லைக் கடித்தார். காற்று வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. அது அவருடைய பிறவிக்குணம்.

"இழு பிள்ளை! கயித்தை இழு! என்ன கண்றாவி இது, தள்ளு அங்கால!"

அவர் கை பட்டதும் பாய் ஒரு சுருக்கமில்லாமல் விம்மியது. அதற்குப் பிறகு அவர் எதையும் யோசித்ததாகத் தெரியவில்லை, வள்ளம் அப்படிப் பறந்தது. இரண்டு மணிக்கு முன்பே புத்தளத்துக் கரையில் நின்றோம், வாகனமும் நின்றது. என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அப்பாவுக்கு உறைத்தது. பெட்டியை அவரே தூக்கிக் கொடுத்தார்.

திரும்பும்போது காற்று உண்மையிலேயே எங்களுக்கு எதிராக இருந்தது. அப்பா வழி முழுக்க அழுதார், மறைக்கவும் இல்லை. நானும் அழுதேன், இஞ்சினைப் பற்றி வாய் திறக்காததற்கும் சேர்த்து.

இப்போது களப்பில் பாய் எதுவும் இல்லை. காற்றுக் காலத்தில் வெள்ளைக்காரர் பெரிய பட்டங்களைக் கட்டிக்கொண்டு பலகையில் வழுக்குகிறார்கள். எங்கள் பாய்ச்சீலை சின்ன வெங்காயக் குவியலுக்கு மூடுதுணியாகி நைந்து போனது, வள்ளமும் போய்விட்டது.

அக்கா முதல் தடவை லீவில் வந்தபோது, கிணற்றடியில் கோப்பை கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "தெரிஞ்சுதான் பாயைத் தளரவிட்டனான். நானாப் போயிருந்தா அப்பா தாங்கமாட்டார். அவரே கொண்டுபோய் விட்டாத்தான் அவருக்கு ஆறும்."

இதை நான் அப்பாவிடம் சொன்னதில்லை. அக்கா ஒவ்வொரு முறை வரும்போதும், வெள்ளை உடுப்போடு கதிரையில் இருக்கிற மகளைப் பார்க்க வருகிறவர்களிடம் அவர் மறக்காமல் சொல்கிறார்: "எல்லாத்திலயும் கெட்டிக்காரி, பாய் பிடிக்க மட்டும் தெரியாது. நான் இல்லாட்டி அண்டைக்குக் களப்பையே சுத்திக்கொண்டு நிண்டிருப்பாள்."

"ஓம் அப்பா," என்பாள் அக்கா. "எனக்கு அது கடைசிவரை வரவே இல்லை."