கற்பூரம் காட்டிய ஹேண்டில்பார்

என் மோட்டார் சைக்கிளின் தாழ்ந்த ஹேண்டில்பாரைப் பிடித்தால் என் தொப்பை பெட்ரோல் டாங்கியின் மேல் படுத்துக்கொள்ளும், முதுகு வலிக்கும். கிள்ளானில் உயரமான ஹேண்டில்பார் ஒன்றை வாங்கி, மெக்கானிக் எதற்கு என்று நானே மாட்டினேன். கற்பூரம் காட்டி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுக்கி, மனைவி கமலத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு காய்கறி வாங்கப் பாசாருக்குப் புறப்பட்டேன். ராஜா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கேட் இருக்கும் சாலைக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். கேட் மூடியிருந்தது, ரயில் வந்துகொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்துத்தான் திருப்பினேன். வண்டியோ உறுமிக்கொண்டு பாய்ந்தது. பழைய ஆக்ஸிலேட்டர் கம்பி புது உயரத்துக்குக் குட்டை. திருப்பியதும் தானாக இழுபட்டுவிட்டது. நேராக்கினால் எதிரே பெரிய சாக்கடை.

“நிறுத்துங்க! ரயிலு வருதுங்க!” கமலம் என் சட்டையைப் பிடித்து அலறினாள்.

கிளட்சை அமுக்கி, பிரேக்கை மிதித்தேன். முன்சக்கரம் கேட்டில் முட்டி நின்றது. ரயில் எங்கள் முகத்தில் காற்றடித்துப் போனது.

“கற்பூரம் காட்டத் தெரிஞ்சுச்சு, ஹேண்டில ரெண்டு பக்கமும் திருப்பிப் பாக்கத் தெரியலையா?” என்றாள்.

இப்போது வண்டியில் எதை மாற்றினாலும், ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்கிறேன். பூஜை அதற்குப் பிறகுதான். கமலம் மட்டும் இன்னும் ரிக்‌ஷாவில்தான் வருகிறாள். நான் பின்னாலேயே மெதுவாகப் போகிறேன்.