கடலை நிறுத்துபவனும் பிடியை விடாதவளும்

சுனாமிக்கு அடுத்த வருடம். நான் அப்போது வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறில் நாங்கள் சில பேர் மாங்கேணிப் பக்கம் ஒரு சுனாமி அகதி முகாமுக்குப் போய்ப் பிள்ளைகளோடு விளையாடுவோம். மற்றவர்கள் பாட்டு, சித்திரம் என்று போக, நான் கனடாவில் இருக்கும் மச்சான் பழக்கிவிட்ட விளையாட்டைக் கொண்டுபோனேன். ஆளுக்கொரு சூப்பர் ஹீரோ. என்ன சக்தி வேண்டும் என்று அவரவரே சொல்லலாம். நான் கதை சொல்லுவேன்; ஆபத்து வரும்போது தங்கள் ஹீரோ என்ன செய்வார் என்று அவர்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பது பகடையில் விழும்.

எந்தச் சக்தியென்றாலும் கேளுங்கள் என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டேன். அங்கேதான் வில்லங்கம் பிடித்தது.

தாயை இழந்திருந்த ஒரு பையன், கடலையே கையால் நிறுத்தும் சக்தியைக் கேட்டான். பக்கத்தில் இருந்த சிறுமி, "நான் பிடிச்சா பிடி விடாது. அது போதும்" என்றாள். அலை வந்த அன்று அவள் கையிலிருந்துதான் தம்பி நழுவிப் போனான். அது முகாமில் எல்லோருக்கும் தெரியும். சரி என்று இருவருக்கும் தலையாட்டினேன்.

விளையாட்டில் நான் என்ன ஆபத்தைக் கொண்டுவந்தாலும் பையன் கையைத் தூக்குவான்; கடலையே நிறுத்துகிறவனுக்குப் பகடையில் எது விழுந்தாலும் போதும், கதை முடிந்துவிடும். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். அடுத்த கிழமையே அந்தச் சிறுமி எழுந்துவிட்டாள்.

"அவனே எல்லாம் செய்றான். நான் என்னத்துக்கு அக்கா?"

வேறெந்த விளையாட்டுக்கும் வராத பிள்ளை அவள். இதையும் விட்டால் திரும்பக் கூடாரத்துக்குள் சுருண்டுவிடுவாளே என்று எனக்குப் பயம் வந்தது.

சக்தியைக் கொஞ்சம் குறைப்போமா என்று பையனைக் கேட்டுப் பார்த்தேன். அவன் முகம் செத்துப்போனது. "அப்ப கடல் வந்தா ஆர் நிப்பாட்டுற?" என்றான். அவனிடமிருந்து அதைப் பறிக்கவும் முடியாது, இவளைப் போக விடவும் முடியாது.

அன்று பின்னேரம் கடற்கரையில் கரைவலை இழுத்தார்கள்; கடலில் வளைத்துப் போட்ட பெரிய வலையை இரண்டு கயிறுகளால் கரைக்கு இழுப்பது. அலைக்குப் பிறகு அங்கே நான் கண்ட முதல் வலை அது. ஒரு கயிற்றில் வாட்டசாட்டமான இளந்தாரிகள். மற்றக் கயிற்றில் வயதானவர்களும் பெண்களும். இளந்தாரிகள் விசையாக இழுத்தார்கள். பாராட்டுக் கிடைக்கும் என்று பார்த்தால் வலைக்காரரிடமிருந்து ஏச்சுத்தான் விழுந்தது.

"ஏன்டா பறக்கிறீங்க? வலை கோணுது, மீனெல்லாம் போகப்போகுது. அவங்களும் வரட்டும்."

நான் மணலில் நின்று தனியே சிரித்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

அடுத்த கிழமை சிறுமியைக் கெஞ்சிக் கூத்தாடி உட்காரவைத்தேன். கதையில் கடல் பொங்கியது. பையன் கையைத் தூக்கினான், கடல் நின்றது. "ஆனா சனம் நடுக்கடலில கிடக்கு, ஒரு பெரிய வலைக்குள்ள" என்றேன். "ஒரு கயிறு உன்ட கையில. மற்றது இவட கையில."

அதற்கு மேல் நான் விளக்கத் தேவையிருக்கவில்லை. கடற்கரைப் பிள்ளைகள் அல்லவா? பையன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ இழு புள்ள. உன்ட இழுவைக்கு நான் வாறன்."

மற்றப் பிள்ளைகள் தாமாகவே அவள் பின்னால் போய் இல்லாத கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பகடை பல தடவை காலை வாரியது. அவள் பிடி விடவில்லை.

வலை கரைக்கு வந்ததும் அவள் கேட்டாள்: "தம்பியும் உள்ளுக்க இருந்தானா?"

கதை சொல்லுகிறவள் நான். ஆனால் பையன்தான் முந்திக்கொண்டு சொன்னான்: "ஓம், நான் கண்டன்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். பிறகு, "உன்ட அம்மாவும் வந்தவ. நானும் கண்டன்" என்றாள்.

அடுத்த கிழமை எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது அவள்தான்.

பிறகு சண்டை மூண்டு அந்த முகாமும் கலைந்தது. யுத்தம் முடிந்து போய்ப் பார்த்தபோது அதே கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இன்று என் பிள்ளைகள் இதே விளையாட்டை விளையாடுகிறார்கள். ஒருவனுக்கு மட்டும் சக்தி கூடிவிட்டது என்று சண்டையும் பிடிக்கிறார்கள். நான் யாருடைய சக்தியையும் குறைப்பதில்லை. மற்றக் கயிறு ஆரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்பேன். கேட்கும்போதெல்லாம், கடலையே நிறுத்தக்கூடிய ஒருவன் ஒரு சிறுமிக்காக மெதுவாக இழுத்தது என் கண்ணுக்குள் வந்து நிற்கும்.