பிடிக்கக் கூடாத பந்து

என் வீட்டுக்காரர் லூபொர் எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் கோல்கீப்பர். வாரநாளில் பஸ் ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை கோல் வாங்குவார். எங்களுக்குக் கீழே வேறு லீக் இல்லை. இருந்தால் அதிலும் தோற்றிருப்போம். மைதானத்து ஜன்னலில் பியரும் சுட்ட சாசேஜும் விற்பவள் நான். ஒவ்வொரு கோலுக்கும் இடுப்பில் கைவைத்து அங்கிருந்தே கத்துவேன்: "உனக்குப் பதிலா ஒரு கதவை நிறுத்தியிருந்தாக்கூடத் தடுத்திருக்குமேய்யா!" கத்தி என்ன பிரயோசனம்? செவிடன் காதில் ஊதிய சங்கு.

போன கோடையில் தலைநகர் பிராகிலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணியைப் பற்றிய சிரிப்புப் படமாம். டைரக்டர் ஹினெக் எங்கள் ஆட்டத்தைப் பார்த்ததுமே நடிகர்கள் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். லூபொருக்குப் பெரிய காட்சி: கடைசிப் பந்தைக் காலிடுக்கில் விட வேண்டும். ஆயுசுக்கும் ஒத்திகை பார்த்த காட்சி! "தியேட்டர்ல என் மூஞ்சி இவ்ளோ பெருசா தெரியும், ஜித்கா" என்று மீசையைத் தடவித் தடவி ஒரு வாரம் என் உயிரை எடுத்தார்.

ஹினெக் செய்த தப்பு ஒன்றுதான். வருடா வருடம் எங்களைப் புரட்டி எடுக்கும் ஆற்றுக்கு அக்கரை ஊர்க்காரர்களையே எதிரணியாகக் கூட்டி வந்தார்.

பந்து வந்தது. லூபொர் பாய்ந்து பிடித்தார். என் கையிலிருந்த குவளை நழுவியது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி பிடித்தார். இடப்பக்கம், வலப்பக்கம், தலைக்கு மேலே... மனிதருக்கு எங்கிருந்துதான் வந்ததோ! வெயில் சாய்ந்தது, என் சாசேஜெல்லாம் கரிந்தது.

"ஐயா, விடுங்க! கெஞ்சிக் கேக்கிறேன்!" ஹினெக் தொப்பியைத் தரையில் அடித்தார். "இன்னொரு தடவை பிடிச்சீங்கன்னா வேற ஆளைப் போட்டுருவேன்!"

நான் மைதானத்துக்குள்ளேயே போய்விட்டேன். "யோவ், நீ ஆசைப்பட்ட சினிமாய்யா! ஒரு பந்தை விட்டுத் தொலையேன். உனக்கென்ன புதுசா?"

"நெஜத்துல இவனுங்ககிட்ட காலம்பூரா விட்டாச்சு, ஜித்கா" என்றார் மூச்சு வாங்கியபடி. "பொய்யிலயாவது பிடிச்சுக்கிறேனே."

அடுத்த பந்தையும் பிடித்தார். அவருடைய ஜெர்சியைக் கழற்றி, சினிமாக்காரர்களோடு வந்திருந்த ஒரு பிராக் நடிகனுக்கு மாட்டினார்கள். அவன் முதல் தடவையிலேயே அழகாக விட்டான். லூபொரைப் பார்வையாளர் கூட்டத்தில் நிறுத்தி, "ஏதாவது கத்துங்க" என்றார்கள்.

படம் வந்தது. ஊரே டவுன் தியேட்டரில் கூடியிருந்தது. பந்து உள்ளே போனதும் திரை முழுக்க லூபொரின் முகம்: "உனக்குப் பதிலா ஒரு கதவை நிறுத்தியிருந்தாக்கூடத் தடுத்திருக்குமேய்யா!" என் வசனம், என் இழுவை, இடுப்பில் கைவைத்த விதம்கூட என்னுடையதுதான். தியேட்டர் அதிர்ந்தது. ஆளாளுக்குத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடமும் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு, வாயைத் திறப்பதில்லை என்ற உறுதியோடு ஜன்னலில் நின்றேன். அக்கரைக்காரன் உதைத்த முதல் பந்தே காலிடுக்கில் புகுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பியர் ஊற்றினேன். லூபொர் பந்தை எடுக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"என்னடி, தொண்டை கட்டிப்போச்சா? சத்தத்தையே காணோம்!"

இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? கத்தினேன். அதன்பிறகுதான் குனிந்து பந்தை எடுத்தார்.